மேட் வார்னிஷ் வெளுத்துப்போன தண்டர்போல்ட்: இனி என்ன செய்யலாம்?

பசைக்கையன், திருவொற்றியூர்

வணக்கம். ஆறு வாரம் பார்த்துப் பார்த்துக் கட்டிய பிளாஸ்டிக் மாடல் விமானத்தை நேற்று சாயங்காலம் பத்தே நிமிடத்தில் கெடுத்துவிட்டேன். தூக்கிப் போட மனசு வரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

கிட் டாமியாவின் 1/72 (நிஜத்தில் 72ல் ஒரு பங்கு) பி-47டி தண்டர்போல்ட், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானம், விமானிக்கு மேல் குமிழ்க் கண்ணாடி வைத்த வகை. பெட்டியோடு வந்தவை அமெரிக்கக் குறிகள். நான் செய்ய நினைத்தது பிரிட்டிஷ் விமானப்படையின் 79ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) விமானம், பர்மா, 1945. அந்த ஸ்குவாட்ரனின் முழுப் பெயர் ‘79 (மதராஸ் மாகாணம்) ஸ்குவாட்ரன்’. இரண்டாம் உலகப் போரின்போது நம் மாகாணத்தில் போர்நிதி திரட்டிக் கொடுத்ததற்காக 79, 234, 264 என்று மூன்று ஸ்குவாட்ரன்களின் பெயரோடு மதராஸைச் சேர்த்தார்கள். 234 என்றால் ஸ்பிட்ஃபயர். என் அலமாரியில் ஏற்கெனவே மூன்று ஸ்பிட்ஃபயர் நிற்கின்றன. ‘ஒரே பொம்மையை எத்தனை தடவைடா வாங்குவே’ என்று அம்மா கேட்டாயிற்று. 264 என்றால் டிஃபையன்ட், அது கைக்குக் கிடைக்கவில்லை. 79 மட்டும்தான் 1942ல் இந்தியப் பக்கம் வந்து, ஹரிக்கேனில் பறந்து, 1944ல் தண்டர்போல்டுக்கு மாறி, போர் முடியும்வரை பர்மாவில் இருந்தது. பெயரில் மதராஸ், வேலை பக்கத்து நாட்டில். விடுவேனா?

மேலே டார்க் க்ரீன், டார்க் எர்த். கீழே மீடியம் சீ க்ரே. மூக்கிலும் இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டை. வட்டக் குறியில் சிவப்பு கிடையாது, கரு நீலமும் வெளிர் நீலமும் மட்டும். சிவப்பைப் பார்த்து ஜப்பான் விமானம் என்று சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக எடுத்துவிட்டார்களாம். இதெல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. வெள்ளைப் பட்டைக்கு டேப் ஒட்டி அடித்தது என் வாழ்நாளிலேயே நேரான கோடு.

அப்புறம்தான் வரிசையாகச் சோதனை. தனியாக வாங்கிய டெக்காலை (குறிகள் அச்சிட்ட ஒட்டுப்படம்) மினுக்கமில்லாத மேட் பெயின்ட் மேல் நேரடியாக ஒட்டினேன். ‘என்.வி’ என்ற ஸ்குவாட்ரன் அடையாள எழுத்துகளைச் சுற்றிப் படலம் வெள்ளி வெள்ளியாக மின்னுகிறது. வெளிச்சத்தில் திருப்பினால் செல்லோடேப் ஒட்டிய மாதிரி இருக்கிறது. சரி, போகட்டும் என்று தகடுகள் சேரும் பேனல் கோடுகளுக்கு எனாமல் வாஷ் (தின்னரில் நீர்க்கக் கரைத்த பெயின்ட்) விட்டேன். சக்கரக் கால்களிலும் தாராளமாக விட்டேன். காலையில் பார்த்தால் இடது கால் பாதியில் விரிசல், தொட்டதும் இரண்டு துண்டு.

நேற்று கடைசியாக மேட் வார்னிஷ். வெளியே விடாத மழை. பால்கனியில் நின்று ஏர்பிரஷில் அடித்தேன். அடிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. காய்ந்ததும் இறக்கை முழுக்கப் பனி விழுந்த மாதிரி வெளுத்துப் போயிற்று. பச்சை எது, பழுப்பு எது என்று தேட வேண்டியிருக்கிறது.

கேள்வி இரண்டு. இந்த வெளுப்பைப் போக்க முடியுமா, இல்லை மொத்தத்தையும் சுரண்ட வேண்டுமா? இரண்டாவது, காப்பாற்ற முடிந்தால் வெதரிங், அதாவது பறந்து பழசான தோற்றம், எவ்வளவு செய்யலாம்? வீடியோக்களில் ஒவ்வொரு பேனல் கோட்டிலும் கறுப்பு, இறக்கை முழுக்கச் சிராய்ப்பு, ஆங்காங்கே துரு, எஞ்சின் பக்கமெல்லாம் புகை. அப்படித்தான் செய்ய வேண்டுமா? பர்மா, மழை, சேறு என்பதால் இன்னும் அதிகமாகச் செய்யலாமா என்றும் ஆசை.

கோவைத் தூரிகை, கோயம்புத்தூர்

பதறாதீர்கள் தம்பி, சுரண்ட வேண்டாம். மழையில் வார்னிஷ் அடித்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை இப்படி அழுதிருக்கிறோம். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது போல, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் உட்கார்ந்து வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரில் தண்ணீர் வடிகட்டி இருந்தால் திறந்து பாருங்கள், நவம்பர் மாதத்தில் அரை டம்ளர் கூட வரும்.

முதலில் வயிற்றுப் பக்கம் யாரும் பார்க்காத இடத்தில் பளபளப்பு வார்னிஷை மெல்லிசாக ஒரு கோட் அடித்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி நேரம் அதிலேயே வெளுப்பு மறைந்து நிறம் திரும்பிவிடும். மறையாவிட்டால், நீங்கள் அடித்தது லாக்கர் வகை வார்னிஷாக இருந்தால், மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரை மட்டும் தூரத்திலிருந்து தூசி போலத் தூவுங்கள். பழைய படலம் இளகி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும். நனைய நனைய அடித்தால் டெக்கால் சுருண்டு வந்துவிடும், ஜாக்கிரதை.

எப்படியும் அந்தப் பளபளப்புக் கோட் உங்களுக்கு வேண்டியதுதான். டெக்காலுக்கு முன்னால் நீங்கள் செய்யாமல் விட்ட வேலை அதுதானே. மேட் பெயின்ட் நுண்ணோக்கியில் பார்த்தால் மணல் மேடு மாதிரி. டெக்கால் மேட்டின் உச்சியில் மட்டும் ஒட்டி, பள்ளத்தில் காற்று நிற்கிறது. அந்தக் காற்றுதான் வெள்ளியாகத் தெரிகிறது. வெள்ளை தெரியும் இடமெல்லாம் ஊசியால் பத்துப் பதினைந்து குத்து குத்தி, டெக்கால் இளக்கும் திரவத்தைத் தூரிகையால் வைத்துவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். நீங்கள் மேலே வார்னிஷ் அடித்துவிட்டதால் குத்து ஆழமாக வேண்டும், இரண்டு மூன்று தடவையும் ஆகலாம். முழுக்கப் போகாது, முக்கால்வாசி போகும்.

உடைந்த காலுக்கு 0.5 மில்லிமீட்டர் டிரில்லால் இரண்டு பக்கமும் துளை போட்டு, நடுவில் ஸ்டேப்ளர் பின் துண்டு ஒன்றை வைத்து ஒட்டுங்கள். முன்பை விடப் பலமாக இருக்கும். எனாமல் தின்னர் குளமாகத் தேங்கினால், இறுக்கமாகப் பொருத்திய பிளாஸ்டிக் வெடிக்கும். கால், ஆன்டெனா இதிலெல்லாம் வாஷ் என்றால் தூரிகை நுனியில் தொட்டு வைப்பதோடு சரி.

வெதரிங் பற்றி நான் பேச மாட்டேன். அதற்கு நம்ம ஃபிட்டர் ஐயா வருவார்.

தாம்பரம் ஃபிட்டர், கிழக்குத் தாம்பரம்

வந்துவிட்டேன் அம்மா.

தம்பி, என்னைப் பற்றி ஒரு வரி, இல்லாவிட்டால் நான் சொல்வதன் காரணம் புரியாது. 1974ல் விமானப்படையில் ஏர்மேனாகச் சேர்ந்தேன். தாம்பரத்தில் பயிற்சி, அதன் பிறகு சில வருடம் அஸ்ஸாமில் டகோட்டா போக்குவரத்து விமானங்களில் வேலை. டகோட்டாவுக்கும் உங்கள் தண்டர்போல்டுக்கும் எஞ்சின் ஒரே வீட்டுப் பிள்ளைகள், பிராட் அண்ட் விட்னி. எங்களுடையது ட்வின் வாஸ்ப், 14 சிலிண்டர். உங்களுடையது டபுள் வாஸ்ப், 18 சிலிண்டர், 2,000 குதிரைத்திறன். சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் இந்த ரேடியல் எஞ்சினில் எண்ணெய் கசியவில்லை என்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துபோயிற்று என்று அர்த்தம், இது எங்கள் தொழிலில் பழைய ஜோக். ஜோக் என்று சொல்கிறோமே தவிர, காலையில் டகோட்டாவுக்குக் கீழே எண்ணெய்ச் சொட்டு இல்லாவிட்டால் நிஜமாகவே போய்ப் பார்ப்போம்.

அங்கே எங்களுக்கு ஒரு சார்ஜென்ட் இருந்தார். துணியை எடுத்துக்கொண்டு எஞ்சின் மூடியைத் துடைக்கப் போனால் கையைப் பிடித்துவிடுவார். ‘முதலில் படி, அப்புறம் துடை’ என்பார். கறை எங்கே ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது, புதுசா பழசா, எண்ணெயா ஹைட்ராலிக்கா பெட்ரோலா, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் துடைக்கலாம். கறை எங்கிருந்தாவது கிளம்பித்தான் ஆக வேண்டும். மாடலுக்கு வெதரிங் செய்யும்போதும் நான் அதையே செய்கிறேன், தலைகீழாக. தூரிகையை வைக்கும் முன் ‘இது எங்கிருந்து வந்தது’ என்று கேட்பேன். பதில் இல்லையென்றால் அந்தக் கறை கிடையாது.

இப்போது உங்கள் விமானத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன வீடியோ ஆசைகளில் முதலில் தள்ள வேண்டியது துரு. தண்டர்போல்டின் தோல் அலுமினியம். அலுமினியம் துருப் பிடிக்காது. வெளுக்கும், சாம்பல் பூக்கும், பழுப்பாகாது. பழுப்புத் துருவை இறக்கையில் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், பழைய பஸ்ஸைப் பார்த்து விமானத்துக்கு வர்ணம் பூசியது போல. சிராய்ப்புக்கு மங்கின வெள்ளி போதும்.

அடுத்தது புகை. எஞ்சின் பக்கமெல்லாம் புகை என்றீர்களே, ஸ்பிட்ஃபயரைச் செய்த கை அப்படித்தான் போகும். அதற்கு மூக்கின் இரண்டு பக்கமும் புகைக்குழாய் வரிசை. தண்டர்போல்ட் வேறு ஜாதி. வாலுக்குப் பக்கத்தில் வயிற்றுக்குள் ஒரு பெரிய டர்போ சூப்பர்சார்ஜர் இருக்கிறது, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் சாதனம். எஞ்சினின் புகை விமானியின் காலுக்குக் கீழே குழாய் வழியாகப் பின்னால் போய், அந்த டர்போவைச் சுழற்றிவிட்டு, பின் வயிற்றில் வெளியே வருகிறது. விமானம் அவ்வளவு குண்டாக இருப்பதே இந்தக் குழாய்களுக்காகத்தான். டர்போவுக்குத் தேவைப்படாத புகையை வெளியே விட, எஞ்சின் மூடிக்குப் பின்னால் கீழ்ப்பக்கம் இடதிலும் வலதிலும் ஒவ்வொரு வாய் உண்டு, வேஸ்ட்கேட் என்போம். உயரத்தில் பறக்கும்போதுதான் டர்போ அதிகம் தேவை. பர்மாவில் இவை தரைப்படைக்கு உதவியாகத் தாழப் பறந்து குண்டு போட்டவை. ஆகவே அந்த வேஸ்ட்கேட் வாயிலிருந்து பின்னோக்கி இறக்கை உடலோடு சேரும் இடம் வரை சாம்பல் கலந்த பழுப்பில் ஒரு கோடு. பின் வயிற்றில் டர்போ வாய்க்குப் பின்னால் இன்னொன்று. மூக்கின் மேலே ஒன்றுமே வேண்டாம்.

எண்ணெய் வேறு. எஞ்சின் மூடியின் மடிப்புகளிலிருந்து கிளம்பும். இங்கே ஒரு நுணுக்கம், பல பேர் கோட்டை விடுவது. பறக்கும்போது கசிந்த எண்ணெய் காற்றோடு நேராகப் பின்னால் இழுபடும். நிறுத்தி வைத்திருக்கும்போது கசிந்தது பூமியை நோக்கி இறங்கும். தண்டர்போல்ட் வால் சக்கரத்தில் உட்காரும் விமானம், மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். ஆகவே நின்றபடி வழிந்த கோடு பேனல் கோடுகளுக்குச் சமமாக இறங்காது, பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். மாடலைக் கையில் மட்டமாகப் பிடித்துக்கொண்டு கோடு இழுத்தால் இது தப்பிவிடும். சக்கரத்தில் நிற்க வைத்துவிட்டு இழுங்கள். அதற்கு முதலில் அந்தக் காலை ஒட்டுங்கள்!

சிராய்ப்பு. 1/72 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 7 சென்டிமீட்டருக்கு மேல். நீங்கள் ஸ்பாஞ்சால் ஒற்றும் சின்னப் புள்ளி, நிஜ விமானத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்த இடம். அப்படி விமானம் கிடந்தால் எங்களைத் தொலைத்திருப்பார்கள். மனிதக் கை, கால் படும் இடத்தில் மட்டும் வையுங்கள். விமானி இடது இறக்கையில் ஏறித்தான் காக்பிட்டுக்குப் போவார், அதனால் இடது இறக்கையின் மேல்பக்கம் உடலோடு சேரும் இடத்தில் அதிகம் தேயும், வலது குறைவாக. இரண்டையும் ஒரே மாதிரி தேய்க்காதீர்கள். ஒவ்வொரு இறக்கையிலும் நான்கு துப்பாக்கி, மொத்தம் எட்டு. தோட்டா நிரப்புகிறவர் இறக்கை மேல் முட்டி போட்டுத்தான் மூடியைத் திறப்பார், அந்த மூடி விளிம்பில் கொஞ்சம். எஞ்சின் மூடிகள் தினமும் கழற்றி மாட்டுபவை, அவற்றின் பிடிப்பாணிகளைச் சுற்றி வெள்ளிப் பென்சிலால் ஒரு பொட்டு. ப்ரொப்பெல்லரின் முன் விளிம்பில் கல் தெறித்த தேய்மானம். முடிந்தது.

பேனல் கோடு. அதே கணக்குதான். 0.2 மில்லிமீட்டர் கோடு என்றால் நிஜத்தில் 14 மில்லிமீட்டர் இடைவெளி, விரல் நுழையும். அதில் கறுப்பை நிரப்பினால் விமானம் தகரத்தை ஜோடித்து வைத்த மாதிரி தெரியும். மேலே அடர்பழுப்பு, கீழே சீ க்ரேயை விட ஒரு படி இருண்ட சாம்பல் போதும். திறந்து மூடும் கதவுகள், இறக்கையின் பின் விளிம்பில் அசையும் எய்லரான், ஃபிளாப் இவற்றின் கோடுகளை மட்டும் இருட்டாக்கி, மற்றவற்றைப் பாதி துடைத்துவிடுங்கள்.

நான் இதற்கெல்லாம் கடையில் விற்கும் வாஷ் வாங்குவதில்லை. கேம்லின் ஆயில் கலர், பர்ன்ட் அம்பர் ஒரு டியூப், கறுப்பு ஒரு டியூப். அட்டைத் துண்டில் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டால் ஆளி எண்ணெயை அட்டை குடித்துவிடும், பூசினால் மினுங்காது. ஊசி முனை அளவு எடுத்து வைத்து, வாசனையில்லாத தின்னரில் நனைத்துப் பிழிந்த தட்டைத் தூரிகையால் இழுத்தால் கோடு தானாக வரும். பிடிக்காவிட்டால் அரை மணி கழித்தும் துடைக்கலாம். எனாமலை விட இது பொறுமைசாலி.

பர்மா, சேறு என்றீர்கள். மழைக்காலத்தில் சேறு உண்மைதான். ஆனால் நீங்கள் செய்வது 1945 என்றால், மத்திய பர்மாவில் சண்டை மும்முரமாக நடந்த மாதங்கள் வறண்ட காலம். அங்கே புழுதி. அந்த முனையில் சில ஓடுபாதைகளில் தார் தோய்த்த சாக்குத்துணியை விரித்துத்தான் விமானத்தை இறக்கினார்கள். ஆகவே சக்கரம், கால், ஃபிளாப்பின் அடி, வால் சக்கரத்தைச் சுற்றி என்று வெளிர் மண் நிறத்தில் புழுதி. டயரைக் கறுப்பாக விடாதீர்கள், அடர்சாம்பல்தான் டயர். மேல் இறக்கையின் பச்சையில் துளி மஞ்சள் கலந்த வெள்ளை சேர்த்து, பேனலின் நடுவில் மட்டும் மெல்லிசாகத் தூவினால் வெயிலில் வெளுத்த மாதிரி வரும். வெயில் மேலேதான் அடிக்கும், வயிற்றில் வேண்டாம்.

புழுதிக்கு நான் செங்கல் பொடி, கோலமாவு எல்லாம் பார்த்துவிட்டேன். 1/72ல் அது ஜல்லிக் கற்கள். கடைசியில் நன்றாக வந்தது விபூதி. சாஃப்ட் பேஸ்டல் குச்சியை பிளேடால் சுரண்டிய பொடியோடு கலந்து, மென்மையான தூரிகையால் தட்டினால் பழைய புழுதி அப்படியே வரும். பூஜை அலமாரியிலிருந்து எடுக்காதீர்கள், தனியாகப் பாக்கெட் வாங்குங்கள். ஏன் சொல்கிறேன் என்று கேட்க வேண்டாம். இன்னொன்று, பொடி போட்ட பிறகு மேலே வார்னிஷ் அடித்தால் பாதிப் பொடி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எனவே மேட் கோட் முடிந்த பிறகு கடைசியாகப் பொடி, அப்புறம் மாடலைத் தொடக் கூடாது.

பசைக்கையன், திருவொற்றியூர்

ஐயா, கைப்பேசியை வைத்துவிட்டுப் போய் விமானத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். பின் வயிற்றில் ஒரு மூடி மாதிரி வாய் இருக்கிறது. ஒட்டும்போது ‘இது என்னவோ’ என்று ஒட்டிவிட்டுப் போய்விட்டேன். டர்போ இவ்வளவு பின்னால் இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

தூரிகை அக்கா, வயிற்றில் பளபளப்புக் கோட் சோதனை செய்தேன். முக்கால்வாசி வெளுப்பு போய்விட்டது! ஈரத்துக்குப் பெரிய அட்டைப் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு போட்டு, அரை மணி சூடாக்கி வைத்து, அதிலிருந்து எடுத்ததும் அடித்தேன். அதனாலா, மழை விட்டதாலா தெரியவில்லை.

நீரோட்டம், சிங்கப்பூர்

ஃபிட்டர் ஐயா சொல்வதில் ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். நிஜத்தில் 14 மில்லிமீட்டர் ஆகிறது என்ற கணக்கு சரிதான், ஆனால் நாம் பார்ப்பது நிஜ விமானத்தை அல்லவே. இறக்கை முனையிலிருந்து முனை வரை 17 சென்டிமீட்டர் பொருள், அலமாரியில், குழல் விளக்கு வெளிச்சத்தில். கணக்குப்படி கோடு போட்டால் ஒன்றுமே தெரியாது, பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும். தெருக்கூத்தில் அரிதாரத்தைக் கிட்டே பார்த்தால் பயமாக இருக்கும். பத்தாவது வரிசையிலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் அந்த முகம். நிழலையும் வெளிச்சத்தையும் கொஞ்சம் கூட்டித்தான் போட வேண்டும். நான் என் விமானங்களில் பேனல் கோட்டுக்கு அடியில் முதலிலேயே கறுப்பு தூவிவிட்டு, அதன் மேல் நிறத்தை மெல்லிசாக அடிப்பேன். இங்கே கண்காட்சியில் வைத்தால் கண் அதன் மேல்தான் போகிறது. படங்களை இதோடு இணைத்திருக்கிறேன்.

தம்பி, இரண்டு வழியையும் பழைய இறக்கை ஒன்றில் செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தாம்பரம் ஃபிட்டர், கிழக்குத் தாம்பரம்

கோபம் எதற்கு? அரிதாரம் நல்ல உதாரணம். நிழல் கூட்டுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் கூட்டித்தான் போடுகிறேன். ஆனால் கூத்திலும் துரியோதனனுக்குப் போடும் முகத்தைப் பாஞ்சாலிக்குப் போடுவதில்லை. நீங்கள் காட்டிய படங்களில் கடற்படை விமானம், பாலைவன விமானம், போன மாதம் தொழிற்சாலையிலிருந்து வந்த விமானம் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டம் கட்டமான நிழல். என் சண்டை அதோடுதான்.

இன்னொரு சங்கதி. விமானத்தைக் கழுவுவோம். இது யாருக்கும் ஞாபகம் வருவதே இல்லை. சோப்புத் தண்ணீர், துணி, நீண்ட பிடி பிரஷ். கை எட்டும் இடம் சுத்தமாக இருக்கும், எட்டாத இடத்தில் அழுக்கு நிற்கும். இறக்கையின் முன் விளிம்பு பளிச், வயிற்றின் நடு அழுக்கு. துடைத்த எண்ணெய் முழுக்கப் போகாமல் அந்த இடமே கொஞ்சம் மினுமினுப்பாகக் கிடக்கும். மேட் விமானத்தில் எஞ்சினுக்குப் பின்னால் அரை மினுக்கலாக ஒரு திட்டு வையுங்கள் தம்பி, நிறமே வேண்டாம். அதைப் பார்த்து ஒரு பழைய ஃபிட்டர் சிரிப்பான்.

பசைக்கையன், திருவொற்றியூர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முடிந்துவிட்டது!

வெளுப்பு மேல் இறக்கையில் பளபளப்புக் கோட்டிலேயே போயிற்று. வால் பக்கம் மட்டும் பிடிவாதம். லெவலிங் தின்னரைத் தூவினேன், மூன்றாவது தூவலில் போனது. அதே மூன்றாவது தூவலில் வலது பக்க வட்டக் குறியின் ஓரம் சுருண்டது. அக்கா எச்சரித்தது ஞாபகம் இருந்தது, கைதான் கேட்கவில்லை. கரு நீலத்தைத் தூரிகையால் தொட்டு மூடியிருக்கிறேன். சொல்லாவிட்டால் தெரியாது. இப்போது சொல்லிவிட்டேன்.

என்.வி எழுத்துகளுக்கு ஊசி வைத்தியம் நான்கு தடவை. ‘வி’யின் ஒரு காலில் இன்னும் மெல்லிய வெள்ளி இருக்கிறது. அதன் மேல் எண்ணெய்க் கோடு ஒன்றை இழுக்கலாமா என்று யோசித்தேன். அப்புறம், எங்கிருந்து வந்தது என்று ஐயா கேட்பாரே என்று விட்டுவிட்டேன்.

கால் ஸ்டேப்ளர் பின்னில் நிற்கிறது. நிற்க வைத்துத்தான் கோடு இழுத்தேன். மட்டமாகப் பிடித்து முதலில் இழுத்திருந்த ஒன்றைத் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன், சாய்வாக. வித்தியாசம் இவ்வளவு தெரியும் என்று எதிர்பார்க்கவில்லை. பழைய கோடு மேலே வரைந்தது போல இருந்தது, புதுசு வழிந்தது போல இருக்கிறது. நிழலுக்கு நீரோட்டம் அண்ணன் சொன்ன மாதிரி பழைய ஸ்பிட்ஃபயர் இறக்கையில் பழகிப் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். இடது இறக்கையில் தேய்மானம், வலதில் இரண்டே பொட்டு. வேஸ்ட்கேட் புகை இரண்டு பக்கமும், டர்போ வாயில் ஒன்று.

விபூதி பாக்கெட் தனியாகத்தான் வாங்கினேன், மேசை மேல் வைத்திருந்தேன். அம்மா அதை எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். பேஸ்டல் கலந்த பாதியை. வெள்ளிக்கிழமை எல்லோர் நெற்றியிலும் மத்திய பர்மா.

அடுத்தது டகோட்டா என்று முடிவு செய்திருக்கிறேன், இந்திய விமானப்படை நிறத்தில். ஐயா, அந்த எண்ணெய்க் கோடு எந்த எஞ்சினில் வரும், இடதா வலதா?

தாம்பரம் ஃபிட்டர், கிழக்குத் தாம்பரம்

இரண்டிலும், தம்பி. நான் இருந்த வரைக்கும் இரண்டிலும்தான். கிட் வந்ததும் சொல்லுங்கள்.